செல்லம்மையின் கையெழுத்து

1959, ஐப்பசி, செவ்வாய் இரவு. தென்காசி.

என்னை வக்கீலாக வைத்துக்கொண்டு பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்கிற செல்லம்மையின் மனுவை அதிகாரி இன்று நிறுத்தி வைத்துவிட்டார். கையெழுத்தை மலையாளத்தில் போட்டிருக்கிறாளாம். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் ஊர் செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது; மூன்று வருஷம் முன்புதான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அங்கே சொல்லிக்கொடுத்த எழுத்து அதுதான். வீட்டில் பேசுவதெல்லாம் தமிழ்.

"இனி இங்கன தமிழ்தான். வேணும்னா கைநாட்டு வைக்கச் சொல்லுங்க, ஏத்துக்கிடுதேன்" என்றார் அதிகாரி.

சுலபமாக முடிகிறதே என்று மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"படிச்ச கை அண்ணாச்சி. மையில முக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அதிகாரி பக்கம் திரும்பினேன். "கைநாட்டு செல்லும்னு சொல்லுதியளே, அது எந்த பாஷை?"

நாளைக்குச் சொல்வதாக மனுஷன் எழுந்துவிட்டார். என்னத்தைச் சொல்வார்? கையெழுத்து வேண்டும் என்கிறது சட்டம், எந்த எழுத்து என்று கேட்கவில்லை. ஏற்றுத்தான் ஆக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படி இறங்கும்போது செல்லம்மை சொன்னாள்: "நாளைக்கு என் பேனாவ நானே கொண்டாந்திருதேன் அண்ணாச்சி."

மைப்பெட்டியை நகர்த்தியவனிடம் வேறு எப்படிச் சொல்வாள்.