ஆஷாடம் முடியட்டும் என்றவருக்கு

குண்டூர்

ஏவண்டி, என் பஞ்சாங்கப் புலியே,

நம் மிளகாய்க் கடைக்கு இன்னும் யாரும் பூட்டுப் போடவில்லை. ஆஷாட மாதத்தில் எதையும் தொடங்கக்கூடாதென்று வரி மேல்முறையீட்டைத் தள்ளிப்போட்டீர்கள். மூன்று மாதக் கெடு அதற்குள் தாண்டியதும் தெனாலியில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டீர்கள். சரியென்று நானே மனுவோடு வரி அலுவலகத்துக்குப் போனேன்.

"தக்க காரணம் இருந்தா இன்னும் ஒரு மாசம் வரைக்கும் பொறுத்துக்கலாம். ஏம்மா லேட்டு?" என்றார் அதிகாரி.

"ஆஷாடம் சார். வீட்டுக்காரர் பேனாவையே தொடல."

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்னய்யா சிரிப்பு? மாத்தல் ஆர்டர் வந்தும், ஆஷாடம் போகட்டும்னு நானே நேத்துதான் இங்க சேர்ந்தேன்!" என்று அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டார்.

கோங்குரா பச்சடி அரைத்து வைத்திருக்கிறேன். வர நல்ல நாள் பார்க்காதீர்கள். என் கெடு வெள்ளிக்கிழமை. அதற்குமேல் பொறுக்க என் சட்டத்தில் இடமில்லை.

இப்படிக்கு,
அத்தனை முகூர்த்தம் பார்த்தும் உங்களுக்கு வாய்த்தவள்