நீ என்னிடம் விட்டுப்போன கார்டு

என் பஷீர் பாய்க்கு,

நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் நீ சிரிப்பாய். "இன்னாடா, லீவ் லெட்டரா?" என்பாய். பதினெட்டு வருஷம் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் நின்று தோல் தரம் பிரித்தோம். ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை. இப்போது எழுத வேண்டியிருக்கிறது. நீ இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

உன் இடத்தில் வாணியம்பாடிக்காரர் ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். நல்ல வேலைக்காரர், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். "இதுல பாரு, உண்ணி கடிச்ச தழும்பு" என்று தோலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினால் தலையை மட்டும் ஆட்டுகிறார். மதியம் டிபன் பாக்ஸைத் தனியாகத்தான் திறக்கிறேன். என் வீட்டுக்காரி மல்லிகா இன்னும் ஜோலார்பேட்டையில் அவள் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். ஃபோன் செய்தால் எடுக்கிறாள், "ம்" என்கிறாள், வைத்துவிடுகிறாள். அந்த ஒரு "ம்"மைக் கேட்பதற்காகவே வாரம் இரண்டு முறை கூப்பிடுகிறேன்.

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். உன் மனைவியிடம், நான் பாபி என்று கூப்பிடுகிறவரிடம், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் சூதாடிகள். மூணு நம்பர் லாட்டரி. தோலின் மூலையில் குத்தியிருக்கும் லாட் நம்பரைப் பார்த்து, அதில் கடைசி மூன்று எண்ணுக்குப் பணம் கட்டுகிற பைத்தியக்காரத்தனம் நம்மைத் தவிர வேறு யாருக்கு வரும்? தடவிப் பார்த்தே தோலின் குறையைச் சொல்லிவிடுகிற விரலுக்கு அதிர்ஷ்டமும் தட்டுப்படும் என்று நம்பினோம். நான் நான்கு முறை விட்டேன், நான்கு முறையும் திரும்பிப் போனேன். மூன்றாவது முறை மல்லிகா பெட்டியைக் கட்டினாள். நீ என்னைவிடக் கெட்டிக்காரன், உன் வீட்டுக்குக் கடைசிவரை தெரியவே விடவில்லை.

வேலூரில் நம் மாதிரி ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி உட்காருகிறார்கள் என்று கண்டுபிடித்து வந்ததும் நீதான். லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி அறை, பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒவ்வொருவரும் எழுந்து, ஆடாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது நீ சொன்னாய், "நம்மள நம்மாலயே நம்ப முடியாது. உன் கார்டை நான் வெச்சிக்கிறேன், என் கார்டை நீ வெச்சிக்க." ஆன்லைனில் பணம் கட்ட முடியாதபடி பட்டன் ஃபோனுக்கு மாறினோம். சம்பள நாளில் ஒன்றாக ஏடிஎம் போவோம், வீட்டுச் செலவுக்கு மட்டும் எடுப்போம், வாசலிலேயே கார்டை மாற்றிக்கொள்வோம். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. அந்த ஒரு வருஷம்தான் நான் மனிதனாக இருந்தேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். வேலூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். கணவனை இழந்தவர் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் இத்தாவில் பாபி இருந்ததால், உள் அறையின் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். அவருடைய தம்பி, உன் மச்சான், என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். மேலே உன் கையெழுத்து. 'சம்பத், அமானிதம்'.

"உங்க பொருள்ணே. இன்னான்னு பிரிச்சுக்கூடப் பாக்கல. மவுத்தானவர்கிட்ட இருக்கிற அமானிதத்தை உடனே உரியவங்ககிட்ட சேத்துடணும்" என்றது பாபியின் குரல்.

உங்கள் வழக்கத்தில் அது எவ்வளவு பெரிய நேர்மை! நான் உன்னிடம் நம்பிக் கொடுத்து வைத்த அமானிதத்தை மூன்றே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கவருக்குள் என் கார்டு. இனி அதை வாங்கி வைக்க இந்த ஊரில் எனக்கு ஆளே இல்லை.

நான் கிளம்பும்போது உன் மச்சான் கேட்டார். "மாமாவோட ஏடிஎம் கார்டு மட்டும் கிடைக்கல. நீங்க கூடவே இருந்தீங்களே, உங்களுக்கு எதுனா தெரியுமா?"

உன் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது, பாய். "தெரியலையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கொடுத்தால், என்னிடம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். சொன்னால் நீ சூதாடி என்று தெரிந்துவிடும். இறந்து மூன்று நாள்கூட ஆகாத உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இத்தா முடியட்டும், பேங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள்.

அந்த வாரமே ஐந்தாவது முறையாக லாட்டரிக்குத் திரும்பிப் போனேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினேன், நிற்கவில்லை. அதைவிடக் கேவலம், ஞாயிறு தவறாமல் வேலூர் போனேன். உன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, எழுந்து நின்று, பழைய கணக்கோடு நாட்களைக் கூட்டிக்கூட்டிச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். "பஷீர் பாய் பாத்திருந்தா எவ்ளோ சந்தோசப்படுவாரு" என்றார் ஒருவர். "ஆமா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மூன்று வாரம் ஆகப்போகிறது. அப்போது சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. என் கார்டில் ஒன்றும் இருக்கவில்லை. மதிய இடைவேளையில், காலையில் பார்த்த ஒரு லாட் நம்பர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. உன் கார்டை எடுத்துக்கொண்டு ஏடிஎம்முக்குப் போனேன். மாதாமாதம் உன் பக்கத்தில் நின்றவன், உன் நான்கு எண்ணும் எனக்குத் தெரியும். அதில் மூன்று எண்ணை அழுத்திவிட்டேன். அப்போது வெளியே நின்றிருந்த ஒருவர் கதவைத் திறந்து, "ஆச்சாண்ணா?" என்றார். கேன்சலை அழுத்திவிட்டு வெளியே வந்தேன்.

அந்த ஆள் கேட்காமல் இருந்திருந்தால் நாலாவது எண்ணை அழுத்தியிருப்பேனா, பாய்? அழுத்தியிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து நான் ஆடவில்லை. பயம்தான் காரணம், வேறு பெருமை ஒன்றுமில்லை.

இத்தா முடிந்தது. நேற்று உன் வீட்டுக்குப் போனேன். பாபி கூடத்தில் உட்கார்ந்திருந்தார், மெலிந்துபோயிருக்கிறார். உன் மகள் ரேஷ்மா, "வாங்க சாச்சா" என்று டீ கொண்டு வந்தாள். நான் டீயைத் தொடவில்லை. கார்டை பாபியின் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். லாட்டரி, மாடி அறை, கார்டு மாற்றிக்கொண்டது, உன் மச்சானிடம் சொன்ன பொய், ஏடிஎம்மில் அழுத்திய மூன்று எண். உன் ரகசியத்தையும் சேர்த்துத்தான் உடைத்தேன். மன்னித்துவிடு.

பாபி கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்திருந்தேன்.

"அப்போ ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வேலூருக்குப் போனது இதுக்குத்தானா?"

"ஆமா பாபி."

"வேற எங்கயும் போவலியா?"

"எங்கயும் இல்ல. கூட்டம் முடிஞ்சா பஜார்ல ரேஷ்மாவுக்கு வளையலோ கிளிப்போ வாங்குவாரு. நேரா பஸ்தான்."

பாபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ரேஷ்மா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ள சட்ட போட்டுக்கினு அத்தர் பூசிக்கினு போவாரு. கேட்டா சிரிப்பாரு. வேலூர்ல இன்னொரு குடும்பம் வெச்சிருக்காருன்னு நெனச்சேன்ணே. மய்யித்து எடுக்கிறப்போகூட, கூட்டத்துல எவளாச்சும் தெரியாதவ அழுவுறாளான்னு பாத்துனு இருந்தேன். நான் ஒழுங்கா அழக்கூட இல்ல."

பாய், நீ என்ன காரியம் செய்துவிட்டாய்? நான்தான் என்ன செய்துவிட்டேன்? உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் பொத்தி வைத்த ஒவ்வொரு நாளும் அந்த அம்மா இல்லாத ஒருத்தியை நினைத்துப் புழுங்கியிருக்கிறார். நீ ஒருநாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் சண்டை போட்டிருப்பார், அவ்வளவுதான்.

என் கார்டை நீட்டி, வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். பாபி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "அது மல்லிகாகிட்ட இருக்க வேண்டியது. அவ வாங்க மாட்டேன்னா, வாங்கற வரைக்கும் போங்க." பேஜாரான பதில்தான். ஆனால் நியாயம். இன்று காலை ஜோலார்பேட்டை போனேன். மல்லிகா கதவைத் திறந்தாள், கார்டை வாங்கவில்லை. வெயிலில் வந்திருக்கிறேன் என்று தண்ணீர் மட்டும் கொடுத்தாள். அடுத்த வாரமும் போவேன்.

நேற்று கிளம்பும்போது பாபி வாசல்வரை வந்தார். "கடைசி வரைக்கும் அவரு ஆடலியா?" என்றார்.

"ஆடல பாபி. நான்தான் ஆடினேன்."

நான் செருப்பை மாட்டும்போது கேட்டார். "இந்த ஞாயித்துக்கிழம என்னையும் அங்க கூட்டினு போறீங்களா? அவரு உக்காந்த எடத்தப் பாக்கணும்."

நாளை மறுநாள் ஞாயிறு. பாபியும் ரேஷ்மாவும் என்னோடு பஸ் ஏறுகிறார்கள். உன் நாற்காலியில் பாபியை உட்கார வைப்பேன். என் முறை வந்ததும் எழுந்து நிற்பேன். நானூறு, ஐந்நூறு என்று என்னிடம் கேட்டுப் பழகிய அந்த அறையில், அவர்கள் இருவர் முன்னாலும், இருபத்தொரு நாள் என்று சொல்வேன். யாரும் கை தட்டாவிட்டாலும் பரவாயில்லை. சத்தியமாக அதைத்தான் சொல்வேன், பாய்.

உன் மகளுக்குச் சாச்சா,
சம்பத்
ஆம்பூர்