உன் படையலுக்குக் கொண்டுபோன கருவாடு

அக்கா,

போன மாதம் ஒரு வெள்ளிநிறப் பையில் ஊதினேன். ஜெலாப்பாங் மண்டபத்துக்குப் பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்திருந்தார்கள். வயிற்றுப் புற்றுநோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராய்ச்சியாம். வெறும் வயிற்றோடு போய் ஒரு பையில் ஊத வேண்டும். பிறகு அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து இன்னொரு பையில் ஊத வேண்டும். வயிற்றுக்குள் ஒரு கிருமி இருக்கிறதா என்று மூச்சே சொல்லிவிடுமாம். நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் கேள்விகள் அச்சடித்த பாரத்தை எடுத்துக்கொண்டு எதிரில் வந்தாள்.

"பாட்டி, கருவாடு, ஊறுகா, உப்புல போட்டது எல்லாம் வாரத்துக்கு எத்தன தடவ சாப்புடுவீங்க?"

கருவாடு என்று அவள் சொன்னதுதான் தாமதம், நீ வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய்.

"இப்பவா, அப்பவா?" என்றேன்.

"அப்பவும் சொல்லுங்க லா."

அப்போது தினமும்தான். ரப்பர்த் தோட்டத்துப் பால்மரக் காட்டில் உன் நிரையும் என் நிரையும் பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்தில். மரப்பட்டையை வெட்டி முடித்து, பால் வடிகிற நேரத்தில் பசியாறுவோம். சோறு உன்னுடையது, கருவாடு என்னுடையது, டின் ஒன்று. "நல்லா கழுவாத புள்ள, உப்பு போயிட்டா அப்புறம் அதுல என்னா இருக்கு?" என்பாய். உப்பு ருசிக்கு இல்லை, வறுமைக்குத்தான் என்பது வேறு விஷயம். ஒரு வாய்க் கருவாட்டில் நாலு வாய்ச் சோறு இறங்கும். ஒருநாள் கங்காணி அந்த டின்னைக் காலால் எத்திவிட்டுப் போனான். அவன் செத்து இருபது வருஷம் ஆகிறது. இன்னும் அவன் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. நீயோ சிந்திய சோற்றை அள்ளி, மேல் மண்ணைத் தட்டிவிட்டு, "மண்ணும் உப்புதான், தின்னு" என்று சிரித்தாய். உனக்குக் கோபமே வராது. அந்தக் கோபத்தையும் சேர்த்து நானே பட்டேன்.

தோட்டத்தை விற்றார்கள். மரத்தை எல்லாம் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். நீ மகள் சரசுவோடு பத்து காஜா டவுனுக்குப் போனாய், நான் இங்கே ஜெலாப்பாங்குக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவாய். "உன் மூஞ்சியப் பாக்க வரல, கருவாட்டுக்கு வந்தேன்" என்பாய்.

உன் கடைசித் தீபாவளிக்குத்தான் முதல் தடவை நீ சாப்பிடாமல் கையை உதறினாய். அரை தோசைக்கே வயிறு நிறைந்துவிட்டது என்றாய். நெஞ்சுக்குக் கீழே பிசைகிறது என்றாய். "காத்துடி" என்றாய். நானும் காற்று என்றுதான் நினைத்தேன். நம் ஜனத்துக்கு வயிற்றில் வருகிற எல்லாமே காற்றுதானே. தைலம் எடுத்துத் தேய்த்துவிட்டேன். வாராவாரம் தேய்த்தேன். என் கைக்கு அடியில் உன் வயிறு ஒட்டிக்கொண்டே போனது. ரவிக்கையை நானே இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்று நான் எழுந்த அன்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தாய்.

"சரசு ஏழு வருஷங்கழிச்சி இப்பத்தான் முழுகாம இருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா அவளுக்குத் தெரிஞ்சிடும், இந்த நேரத்துல அவளப் பயமுறுத்தாத. அவகிட்டச் சொல்ல மாட்டேன்னு அவ தலமேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பிறக்காத பிள்ளையையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கிற தலை அது. அதன் மேல் செய்த சத்தியத்தை எப்படி மீறுவது? மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டு தைலம் தேய்த்தேன். ஒருநாள் நீ கறுப்பாக வாந்தி எடுத்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அதற்குள் வயிற்றுப் புற்று ஈரலுக்குப் போய்விட்டிருந்தது. பேரனின் முகத்தை நீ பார்த்தாய். அந்த மட்டும் சாமிக்கு நன்றி.

பதினாறாம் நாள் கருமாதிப் படையலுக்கு, உனக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்று நான் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனேன். கழுவாத கருவாடு. இலையில் ஊற்றக் குனிந்தேன். சரசு சட்டியைப் பிடுங்கி, அத்தனை பேர் முன்னாலும் வாசல் சாக்கடையில் கொட்டினாள். "இதத் தின்னுதான் எங்கம்மா செத்தாங்க. செத்த பிறகும் ஊட்ட வந்துட்டீங்களா?" சொன்னவள் நீ பெற்ற பிள்ளை. என்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை. பதினொரு வருஷம் நான் அவள் வாசலை மிதிக்கவில்லை. அவள் தெலுக் இந்தானுக்குக் குடிபோனது கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரியும்.

அதனால்தான் அக்கா, அந்தப் பெண் பாரத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன். "ஆயி, நேராச் சொல்லு. கருவாடு தின்னா இந்த நோய் வருமா?" இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தையைக் கொண்டுபோய் உன் மகள் முகத்தில் எறிந்திருப்பேன்.

அவள் சொல்லவில்லை. "உப்பு கூடுதலாச் சாப்புட்டா ஆபத்து கூடும் பாட்டி. சுருட்டு, சிகரெட்டும் அப்பிடித்தான். ஆனா பெரிய காரணம் வயித்துல இருக்குற கிருமி. சின்ன வயசுல வீட்டுக்குள்ளயே ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்திக்கும். நம்ம ஆளுங்கள்ல நெறைய பேருக்கு இருக்கு. எல்லாருக்கும் நோய் வராது. யாருக்கு வருது, ஏன் வருதுன்னுதான் நாங்க தேடிட்டு இருக்கோம்."

உன்னைப் பற்றி அவளிடம் சொன்னேன். "அப்ப நானும் ஒரு காரணமா?"

"ஒரு ஆளைக் காட்டி இவங்கதான்னு சொல்ல முடியாது, பாட்டி."

பாதி விடுதலைதான் கிடைத்தது. கிருமி எனக்கும் இருப்பதாக அப்புறம் சொன்னார்கள். ஒரே டின்னில் தின்ற வயிறுகள். என்னுடையது பேசாமல் இருந்துவிட்டது, உன்னுடையது உன்னைக் கொண்டுபோய்விட்டது. படித்த பிள்ளைகளுக்கே இன்னும் முழுதாக விளங்காதது எனக்கு எங்கே விளங்கப்போகிறது?

அன்று எழுந்து போகும்போது அவள் கேட்டாள். "உங்க அக்காவுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா? அம்மாவுக்கு வந்திருந்தா பிள்ளைக்கு ஆபத்து கூடுதல். செக் பண்ணிக்கிட்டாங்களா?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று நாள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரசுவே முதலில் பேசட்டும் என்று ஒரு மனசு. அவளுக்குத்தான் தெரியாதே, எப்படிப் பேசுவாள் என்று ஒரு மனசு. நாலாம் நாள் நம்பரை விசாரித்து வாங்கினேன்.

"யாரு?"

"நான்தான். சாக்கடையில கருவாட்டக் கொட்டுனியே, அந்தக் கருவாட்டுக்காரி."

நல்ல விதமாகத்தான் தொடங்க நினைத்தேன் அக்கா, வாய் முந்திக்கொண்டது.

"சொல்லுங்க சின்னம்மா."

கிருமியைச் சொன்னேன், பரிசோதனையைச் சொன்னேன். "நேரம் இல்ல சின்னம்மா, எனக்கு ஒன்னும் இல்ல, வெறும் காத்துதான், மருந்து குடிக்கிறேன்" என்றாள். அதே வார்த்தை. அதே அலட்சியம். உன் தொண்டையே அந்தப் பக்கம் இருந்து பேசியது.

சத்தியத்தை அப்போதுதான் உடைத்தேன். அரைத் தோசை, பிசைந்த வலி, தைலம், பிடித்துத் தைத்த ரவிக்கை, மூன்று மாதம், எல்லாவற்றையும் நாள் கிழமையோடு சொன்னேன். "உன் தலமேல சத்தியம் வாங்கிட்டா உங்கம்மா" என்று சொன்னேன்.

அவள் அழுதாள். பிறகு திட்டினாள். "சொல்லியிருந்தா எங்கம்மா இருந்திருப்பாங்க இல்ல?" இருந்திருப்பாயோ என்னவோ. பதினொரு வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கருவாட்டுக்காக என்னைத் திட்டியபோது கோபம் வந்தது. இதற்குத் திட்டியபோது வரவில்லை.

"திட்டி முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். "பெத்தவளத்தான் விட்டேன். உன்னையும் விட முடியாது."

போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது, கிருமி இருந்தது. புற்று இல்லை அக்கா, இல்லை. இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி சாகாதாம். உன் மகள் எதையும் பாதியில் விடுகிறவள் என்பது எனக்குத் தெரியும். அதனால் காலையில் ஒரு தடவை, பொழுது சாய்ந்ததும் ஒரு தடவை நானே கூப்பிட்டேன். வேறு பேச்சு கிடையாது. கோபம் இன்னும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

"போட்டியா?"

"போட்டேன்."

வைத்துவிடுவேன்.

உன் வயிற்றின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது. அது போகாது, போகவும் வேண்டாம்.

நேற்றோடு மாத்திரை முடிந்தது. இன்று அவளைக் கூப்பிட எனக்குக் காரணம் ஒன்றும் இல்லை. பொழுது சாய்ந்தது, விளக்கைப் போட்டேன், சும்மா உட்கார்ந்தேன்.

போன் அடித்தது.