மூன்று ஆபீஸ் சுற்றிய பெஞ்சு

மார்ச் 4
நகராட்சி, பஸ் டிப்போ, ஆஸ்பத்திரி மூன்றும் இன்று கைகோர்த்தன. சுழற்சிப் பொருளாதாரமாம். உடைந்ததை வீசாமல் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டுமாம். இதைச் சொல்ல மூன்று மணி நேரம், நாற்பது தண்ணீர் பாட்டில். காலி பாட்டில்களைப் பொறுக்கியது யார்? நான்தான், நகராட்சியின் துடைப்ப அதிகாரி.

மார்ச் 12
டிப்போ எங்களுக்கு ஒரு நீள பெஞ்சு அனுப்பியது. கால் ஒடிந்திருக்கிறது, அடியில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. டிப்போவுக்கு அதைக் கொடுத்தது ஆஸ்பத்திரி. எங்கள் அதிகாரி அதன் மேல் கை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். உட்கார்ந்து எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 14
பெஞ்சை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மூன்று முறை கைமாறிவிட்டதாம்; ஆபீஸ் சுவர் அட்டையில் 'மறுபயன்பாடு: 3'.

மார்ச் 20
அண்ணிக்கு முழங்காலில் புண். கட்டு மாற்றக் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரம் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.
"இங்க ஒரு பெஞ்சு இருந்துச்சே?"
மறுபடி டிப்போவுக்கு ஊர் சுற்றப் போயிருக்கிறது என்றேன். அண்ணி சிரிக்கவில்லை.

மார்ச் 27
பெஞ்சு மறுபடி எங்களிடம்! அடியில் அதே பிளாஸ்திரி. அட்டையில் ஐந்து. உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை.
நாலு ஆணி அடித்தால் சரியாகிவிடுமே என்று கிளார்க்கிடம் கேட்டேன்.
"சரியாயிட்டா உடைஞ்ச பொருள் லிஸ்ட்ல வராதேம்மா. அப்புறம் எப்படி அனுப்புறது?"
படித்த மனிதர்.

ஏப்ரல் 3
அண்ணி ஆஸ்பத்திரி வரிசையிலேயே சரிஞ்சுட்டா. புண்ணு திறந்துக்கிச்சு. நான் நக்கலடிச்சு என்ன கிழிச்சேன்?

ஏப்ரல் 4
சாப்பாட்டு நேரத்தில் சுத்தியல் எடுத்தேன். ஸ்டோர் ரூமில் கிடந்த மேசைக்காலை வெட்டி முட்டுக் கொடுத்து, ஆறு ஆணி. ஏறிக் குதித்தும் பார்த்தேன். என்னையே தாங்குகிறது, இனி யாரை வேண்டுமானாலும் தாங்கும். லிஸ்டில் 'உடைந்தது' என்றே இருக்கிறது. நான் எதற்கு அதில் கைவைக்க? மாலையில் வேன் வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது.

ஏப்ரல் 24
மூன்று வாரமாகப் பெஞ்சு சுற்றி வரவில்லை. அட்டை ஆறிலேயே நிற்கிறது. கிளார்க் தானே வேனில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார், தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டு.
பெஞ்சில் ஏழு பேர், நடுவில் அண்ணி. கிளார்க் ஒரு முனையைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை.
"யாரும்மா இதைச் சரி பண்ணது?"
அண்ணி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
"உடைஞ்சதைத்தானே சார் எடுக்கணும்? நீங்கதான் சொன்னீங்க" என்றேன்.
வேன் காலியாகத் திரும்பியது. நான் அதில் ஏறவில்லை. அண்ணி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.