முன்பல் போன ட்ரம்பெட்காரன்

1938 மார்ச் 14, கான்சஸ் சிட்டி

வெள்ளிக்கிழமை இசைத்தட்டுப் பதிவு. பாட்டின் நடுவில் அரை நிமிடம் என் ட்ரம்பெட் மட்டும். பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த அரை நிமிடம். குழுத்தலைவர் தேடியஸ் புரூயிட் எல்லார் முன்னாலும் சொன்னார்: "எல்மோர், இது உன்னோடது. கெடுத்துத் தொலைச்சிடாத." அந்த மனிதர் இதுவரை என்னிடம் பேசியதிலேயே அன்பான வார்த்தை.

மார்ச் 16

கெடுத்துத் தொலைத்தேன். பதினெட்டாம் தெருக் கடையில் பன்றி விலா எலும்பைக் கடித்தேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முன்பல்தான் போச்சு. பல் டாக்டர் ஒடிந்த பல்லின் மிச்சத்தையும் பிடுங்கிவிட்டு, "ரெண்டு மாசம் ஊதக் கூடாது" என்றார். வீட்டுக்கு வந்து ஊதிப் பார்த்தேன். வெறும் காற்று.

அரை நிமிடம் இப்போது குழுவின் இன்னொரு ட்ரம்பெட்காரன் ஆர்வில் கெயின்ஸுக்கு. துக்கம் விசாரிக்க வந்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எலும்புக்குப் பதில் அவனைக் கடித்திருக்கலாம்.

மார்ச் 17

அழுதேன். ஒடெஸாவுக்குத் தெரியாது. பெண்டாட்டிக்குத் தெரிந்தால் அதற்கும் ஒரு கிண்டல்.

மார்ச் 18

பதிவை வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பாடகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. புரூயிட் சுற்றிலும் பார்த்தார்.

"சும்மா இருக்கிற வாய் ஒண்ணுதான் இருக்கு. வா, பாடு."

"எனக்குப் பாட வராதுங்க."

"அது எனக்கும் தெரியும்."

பாட்டு, 'சூசி சுட்ட சோள ரொட்டி'. 'ச' வந்த இடமெல்லாம் பல்லிடுக்கில் விசில். டிரம்ஸ்காரன் சிரித்த சிரிப்பும் தட்டில் ஏறிவிட்டது. ஆர்வில் நன்றாகத்தான் வாசித்தான், பாவி.

ஜூலை 2

வானொலியில் தினமும் நான். ஊரே விசிலோடு பாடுகிறது. ஆர்வில் வாசித்ததைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. எனக்கு ஏன் சந்தோஷமாக இல்லை?

செப்டம்பர் 10

பொய்ப்பல் கட்டி, உதடு பழகி, ட்ரம்பெட் மறுபடி பேசுகிறது. இன்று மேடையில் எழுந்து நின்றேன். ஊதுவதற்குள் கூட்டம் "சூசி, சூசி" என்றது. புரூயிட் காதருகே வந்தார். "பல்லைக் கழட்டு."

கழட்டினேன். வேறென்ன செய்ய?

1940 ஏப்ரல் 9

காலையில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கிறவர் வந்தார். உள்ளறையில் ஊதிக்கொண்டிருந்த நான், நிறுத்தி ஒட்டுக்கேட்டேன்.

"வீட்டுக்காரர் என்ன தொழிலுங்க?"

"பாட்டுக்காரர்," என்றாள் ஒடெஸா.

"அப்ப உள்ள ட்ரம்பெட் ஊதினது?"

"அதுவும் அவருதான். அது அவரு ஆசைக்கு."

பாட்டுக்காரர் என்றே அவர் எழுதிக்கொண்டார் போல. போய்த் திருத்தலாமா என்று யோசித்தேன். இன்றைக்கு வாசிப்பு நன்றாக வந்துகொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை.