ஆறாவது விளம்பரத்துக்குக் கீழே

மார்ச் 4

நான் எழுதிய நெஞ்செரிச்சல் கட்டுரை கூகுள் தேடலில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் ஈயோட்டிய இணையதளம். வித்தை சின்னதுதான். ‘தாடையோ இடது கையோ சேர்ந்து வலித்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்ற வரி முதலில் மேலே இருந்தது. படித்த கையோடு ஆட்கள் போய்விடுவார்கள். போய்விட்டால் விளம்பரத்தை யார் பார்ப்பது, எனக்கு யார் சோறு போடுவது? அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். ஆறு விளம்பரம் தாண்டினால்தான் கண்ணில் படும். இப்போது சராசரியாக நான்கு நிமிடம் நிற்கிறார்கள்.

மார்ச் 9

அக்காவிடம் போனில் பீற்றிக்கொண்டேன். “அப்போ இனிமே உன்னை எடிட்டர் சார்னுதான் கூப்பிடணும். லிங்க்கை அனுப்பு, உங்க அத்தான்கிட்ட காட்டணும்” என்றாள். வேலையை விட்டபோது வீட்டில் எல்லாரும் என்னைத் தண்ணி தெளித்துவிட்டார்கள். தன் வளையலை விற்று லேப்டாப் வாங்கித் தந்தவள் இவள்.

மார்ச் 17

அடுத்தது தலைவலி. அதே வித்தை.

மார்ச் 22

அக்கா போய்விட்டாள்.

மார்ச் 26

காலையிலிருந்தே நெஞ்சு எரிகிறது, கை வலிக்கிறது என்றாளாம். இஞ்சி தட்டிப் போட்டு வெந்நீர் குடித்தாளாம். மதியம் சமையலறையில் விழுந்திருக்கிறாள். “காலையிலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்று டாக்டர் சொன்னாராம்.

இஞ்சி, வெந்நீர் – என் கட்டுரையில் முதல் வழி. ஊரே செய்கிற வைத்தியம்தானே அது? யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். அவ படிச்சிருக்க மாட்டா. லிங்க்கை ஏன்டா அனுப்பினே, பாவி.

ஏப்ரல் 2

சொல்லிவிடலாம் என்று அத்தானிடம் போனேன். அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“அன்னிக்குக் காலையில நீ எழுதினதைத்தான் எனக்கு சத்தமா வாசிச்சுக் காட்டினா. டாக்டர் தோத்தார், எப்படி எழுதியிருக்கான் பாருங்கன்னு அவ்வளவு பெருமை. பாதியிலே நான்தான், போதும், அதுல சொன்னபடி வெந்நீர் குடிச்சிட்டுப் போய்ப் படுன்னேன்.”

இன்னொரு புடவையை எடுத்து மடித்தார். பிறகு, “மீதியில என்னடா எழுதியிருந்தே?” என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வரியை அப்படியே சொன்னேன். ஏன் கடைசியில் வைத்தேன் என்பதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த துணியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 3

வரியை மேலே ஏற்றிவிட்டேன். விளம்பரங்களை எடுத்துவிட்டேன். தலைவலிக் கட்டுரையிலும்.

ஏப்ரல் 21

பழைய கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மதிய இடைவேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்று இதுவரை முந்நூறு பேர் வந்திருக்கிறார்கள். யாரும் பத்து நொடிக்கு மேல் நிற்கவில்லை. இதைச் சொல்லத்தான் அத்தானுக்குப் போன் செய்தேன். இன்றும் அவர் எடுக்கவில்லை.