வலது கை மட்டும் லூசாக

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. போன் போடும்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள் நீயே முந்திக்கொண்டு "நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிடுகிறாய். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

நீ கேட்ட கார்டிகன் இந்தப் பார்சலில்தான் இருக்கிறது, முதலில் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மீதியைப் படி. சாம்பல் நிறம் கேட்டாய், கடையில் இருந்த சாம்பல் தரை துடைக்கிற துணி மாதிரி இருந்தது, அதனால் கத்தரிப்பூ நிறத்தில் எடுத்துவிட்டேன், திட்டாதே. மெல்லிய பின்னல் துணி, கையில் எடுத்தால் எடையே தெரியாது. துணி கிடைத்துவிட்டது, பேட்டர்னுக்கு எங்கே போவது? உன் அளவில் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், நீ முதல் இன்டர்வியூவுக்குப் போனபோது தைத்த முழுக்கை டாப்ஸின் பேப்பர் கட்டிங். பழைய காலண்டர் தாள்களை ஒட்டி வெட்டியது, பீரோ மேலே சுருட்டி வைத்திருந்தேன். விரித்தால் முதுகுத் துண்டில் ஒரு மீசைக்காரன் முறைத்துக்கொண்டிருக்கிறான். "எப்பம்மா முடியும், எப்பம்மா முடியும்" என்று நச்சரித்துக்கொண்டே நீ பென்சிலில் வரைந்தது. அப்பா என்று சொன்னாய், அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நீ அந்த டாப்ஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாயே, அந்த மூலையில் இப்போது இஸ்திரி மேஜை கிடக்கிறது.

அது இழுத்தால் வராத துணிக்கு வெட்டியது, மார்பில் டாட் மடிப்புப் பிடித்து உடம்பில் தாராளமாக விட்டிருந்தேன். பின்னல் துணியோ இழுத்த இழுப்புக்கு வரும், அதற்கு டாட் எதற்கு? அதை விட்டுவிட்டேன், இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கோடு போட்டேன், கழுத்தை இறக்கினேன், முன்துண்டை நடுவில் நேராக வெட்டிப் பட்டன் பட்டி வைத்தேன். தலை வழியாக மாட்டுகிற மாதிரியே தைத்துவிடட்டுமா, சுலபம் என்று நான் கேட்டதற்கு, "ஐயோ வேண்டவே வேண்டாம், முன்னாடி திறக்கணும்" என்று நீ பதறினாய் இல்லையா, அதனால்தான். நம் மெஷினுக்குப் பின்னல் துணி என்றாலே ஆகாது, தையல் விட்டு விட்டுப் போகிறது, ஓரமெல்லாம் அலை அலையாக நெளிகிறது. ஊசியை மாற்றி, அடியில் பேப்பர் கொடுத்துத் தைத்து, பிறகு பேப்பரைக் கிழித்தெடுத்தேன். கிழிக்கிற சத்தம் கேட்டதும் உன் ஞாபகம்தான். மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து மிச்சப் பேப்பரையெல்லாம் நீதானே கிழிப்பாய். உனக்கு ஸ்கூல் ஸ்வெட்டர் மாட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். கழுத்து இறுக்கம், தலை பாதியில் மாட்டிக்கொள்ளும், உள்ளேயிருந்து "இருட்டாப் போச்சும்மா" என்று தெருவே கேட்கக் கத்துவாய். நான் தினமும் ஒரே பாட்டுத்தான், "கையைத் தூக்குடி, முடிஞ்ச மட்டும் தூக்கு, மீதியை நான் பார்த்துக்கறேன்." தலை வெளியே வந்ததும் எங்கோ ஊருக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி என்னைப் பார்த்துச் சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த வருஷமும் கழுத்து இறுக்கமானதாகவே வாங்கலாமா என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கலர், நீளம், பாக்கெட் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுப் போனை வைக்கிற நேரத்தில், "வலது கை மட்டும் கொஞ்சம் லூசா வைம்மா, மவுஸ் பிடிக்கிற கை" என்றாய். நானும் சரி என்றேன். எந்தச் சட்டையானாலும் துணியை இரண்டாக மடித்துப் போட்டு இரண்டு கையையும் ஒன்றாகத்தானே வெட்டுவேன்? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மடிப்பைப் பிரித்து ஒரு கையைத் தனியாக வெட்ட வேண்டி வந்தது. கத்தரி அப்படியே நின்றுவிட்டது. மவுஸ் பிடித்து யாருக்காவது கை பெருக்குமா? இடுப்பு வரை இருந்த முடியைத் திடீரென்று வெட்டிக்கொண்டு ஸ்டைல் என்றாய், நானும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். கையைத் தூக்கிச் சீவ முடியாதவள்தான் அப்படி வெட்டுவாள் என்று அப்போது உறைக்கவில்லை. வீடியோவில் டீ கப் இடது கையில் இருந்ததும் அதற்கப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "சும்மா எதையாவது கற்பனை பண்ணிக்காதே" என்று எரிந்து விழுந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ப் பார்த்தால், வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு சட்டை மாட்டப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு நிற்கிறார். அப்புறம் உன் கார்டிகனையே அவருக்கு மாட்டிப் பார்த்தோம், அந்த நேரம் பார்த்துக் கேஸ்காரர் வந்து கதவைத் தட்ட, கத்தரிப்பூ கார்டிகனோடு உன் அப்பாதான் போய்ச் சிலிண்டர் வாங்கினார். அவர் கண்டுபிடித்துச் சொல்லச் சொன்னது இது: போடும்போது வலிக்கிற கையை முதலில் விடு, கழற்றும்போது அதைக் கடைசியில் எடு. வலது தோளில் தையலுக்குப் பதில் பிரஸ் பட்டன் வைத்திருக்கிறேன், கையே நுழையாவிட்டால் அதைத் திறந்துகொள். உள்ளே இரண்டு விரல் துணி விட்டிருக்கிறேன், நீ இனிமேல் வளரப்போவதில்லை, இருந்தாலும் என் கை கேட்கவில்லை.

விழுந்தாயா, ஆபரேஷனா, யார் பக்கத்தில் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்குக் கவலை வரக்கூடாது என்று மறைத்தாய் போலிருக்கிறது, பெரிய மனுஷி. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். அப்பா பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார், பீரோவைக் கவிழ்த்துப் போட்டாயிற்று.

எந்தக் குறையும் இல்லாமல், எந்த வலியும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த தடவை வீடியோவில் முகத்தை மட்டும் காட்டாமல், இதைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டு. வலது கை வராவிட்டால் பரவாயில்லை. முடிஞ்ச மட்டும் தூக்கு, மீதியை நான் பார்த்துக்கறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா